ஃபேன் வச்ச பீரோ

லாரியிலிருந்து அதை இறக்கிய அன்று மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஆளுயரத்துக்கு மேலே ஸ்டீல் உடம்பு, கனத்த கதவு, கதவில் நீளமாக ஒரு கண்ணாடி. கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. "பாப்பா, இது அடுப்பு இல்ல. ஃபேன் வச்ச பீரோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்திருப்பேன். அதை வாங்கச் சொல்லி அப்பாவை ஒரு வருஷமாக நச்சரித்தவள் நான்.

தூத்துக்குடியில் எங்களுடையது சின்ன பேக்கரி. பின்கட்டில் ஒரு பெரிய செங்கல் அடுப்பு இருந்தது, தாத்தா கட்டியது. அதன் தரைக்குக் கீழே உடைந்த கண்ணாடித்துண்டும் உப்பும் மணலும் போட்டு நிரப்பியிருப்பதாகச் சொல்வார்கள். சூட்டைப் பிடித்து வைக்க. கடைசியில் இடித்தபோது நானே பார்த்தேன், பச்சையும் பழுப்புமாகச் சோடா பாட்டில் கண்ணாடி. ராத்திரி பத்து மணிக்கு உள்ளேயே சீமைக்கருவேல விறகை அடுக்கி எரிப்பார்கள். எரிந்து முடிந்ததும் கங்கை வாரி எடுத்துவிட்டு, நீளக் கம்பில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார் மாஸ்டர். உடனே எதையும் உள்ளே வைக்கமாட்டார். கதவைச் சாத்திவிட்டு ஒரு பீடி குடிப்பார். பிறகு ஒரு பிடி மைதாவை உள்ளே வீசுவார். மாவு சட்டென்று கருகினால் இன்னொரு பீடி. நிதானமாகப் பழுப்பேறினால் முதல் தட்டு போகும். அவரிடம் வேறு தெர்மாமீட்டர் கிடையாது.

அந்த அடுப்பு எனக்கும் பிடித்த அடுப்புதான். அதை இடிக்கச் சொன்னதற்குக் காரணம் அப்பாவின் இழுப்பு. முப்பத்தைந்து வருஷம் அந்தப் புகையிலே நின்றவர். விறகு பற்றவைக்கும் நேரத்தில் அவர் இருமுவது மாடியில் எங்கள் படுக்கையறைவரைக்கும் கேட்கும். நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "தொழிலை விடுங்க, இல்லேன்னா அடுப்பை விடுங்க" என்று சொல்லிவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்தவள். சென்னையில் பம்ப் டிசைன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்குத் திரும்பி வந்து லோன் போட்டு, டீசலில் ஓடுகிற ஒரு சுழல் ரேக் ஓவனை வாங்கினோம். மாதத் தவணை 31,000 ரூபாய்.

இந்த வகை ஓவனைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். தட்டுகளை அடுக்கிய டிராலியை அப்படியே உள்ளே தள்ளிக் கதவை மூடிவிட வேண்டும். டிராலி மெதுவாகச் சுற்றும். பக்கத்து அறையில் பர்னர் எரியும். அதன் நெருப்பும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளேயே ஓடிப் புகைக்கூண்டு வழியாக வெளியே போய்விடும். ரொட்டியோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. ஒரு பெரிய ஃபேன் ஓவனுக்குள்ளிருக்கிற காற்றை இழுத்து, அந்தச் சூடான குழாய்களுக்கு மேலே ஓடவிட்டு, சுவரிலுள்ள நீளமான காற்றுவாய்கள் வழியாக டிராலியின் மேல் வீசும். அதே காற்று திரும்பத் திரும்பச் சுற்றும்.

வீசுகிற காற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று மாஸ்டருக்கு விளக்கப் பார்த்தேன். குளிர்ந்த மாவைச் சுற்றி ஈரமான காற்று ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், ஃபேன் அந்தப் போர்வையை உரித்துக்கொண்டே இருப்பதால் சூடு சீக்கிரம் உள்ளே போகும், அதனால் இருபது டிகிரி குறைத்து வைத்தாலும் வேலை நடக்கும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "உப்பளம் மாதிரின்னு சொல்லு. வெயில் மட்டும் அடிச்சா உப்பு விளைஞ்சிருமா? மேல்காத்தும் வேணும்லா." அவர் வீட்டம்மா இருபது வருஷமாக உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். நான் நாலு வருஷம் படித்ததை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஓவன் விற்ற கம்பெனியின் ஆள் ஒரு டிராலி ரொட்டிக்கு இரண்டு லிட்டர் டீசல் போதும் என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு மூன்றைத் தாண்டியது. நாளொன்றுக்கு 24 லிட்டர். டீசல் லிட்டர் ஏறக்குறைய 95 ரூபாய் விற்ற சமயம். மேல்தட்டு ரொட்டி சிவந்து போகும்போது கீழ்த்தட்டு ரொட்டி வெள்ளைவெளேரென்று இருக்கும். கீழே சிவக்கட்டும் என்று ஐந்து நிமிஷம் கூட வைத்தால் மேலே கருகும். கம்பெனிக்கு ஃபோன் போட்டால், "உங்க ஆளுங்களுக்கு ஹேண்டில் பண்ணத் தெரியலை மேடம்" என்பார்கள். எட்டு மாதம் இப்படியே ஓடியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவில் உட்கார்ந்து டீசல் பில்களை ஒரு கம்பியில் குத்திக்கொண்டே இருந்தார். இருமல் குறைந்துவிட்டிருந்தது. அவர் இருமாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

ஒருநாள் மாஸ்டர் மெதுவாக, "பின்னால இடம் கெடக்கு. ஒரு சின்ன அடுப்பு கட்டிக்கிடலாமா மொதலாளி?" என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். கட்டலாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை என்பது எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரிதான் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

எங்கள் 400 கிராம் ரொட்டிக்கு 450 கிராம் மாவு வைக்கிறோம். குறைகிற 50 கிராமும் தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 113 கிலோஜூல் வேண்டும். மாவை 30 டிகிரியிலிருந்து, நடுப்பகுதி வேகிற 97 டிகிரிக்குக் கொண்டுபோக இன்னொரு 80 சொச்சம். ஆக ஒரு ரொட்டிக்கு 200 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டேன். ஒரு டிராலியில் 150 ரொட்டி. மொத்தம் 30,000. ஒரு லிட்டர் டீசலில் இருப்பது சுமார் 36,000 கிலோஜூல்.

திரும்பவும் போட்டுப் பார்த்தேன். அதே கணக்குதான் வந்தது. 150 ரொட்டி சுடுவதற்கு ஒரு லிட்டர் டீசல்கூட வேண்டாம். நாங்கள் எரிப்பது மூன்று. மீதி இரண்டு லிட்டருக்கு மேலே எங்கோ போய்க்கொண்டிருந்தது. எந்த ஓவனாலும் எரிப்பதை முழுக்க ரொட்டிக்குள் செலுத்த முடியாதுதான். புகையோடு கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு போகிறது என்றால் நாங்கள் ஊருக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

மறுநாள் நோட்டை மாஸ்டரிடம் காட்டினேன். அவருக்கு ஜூல் புரியவில்லை. "மூணு மூட்டை மாவு வாங்கி ஒரு மூட்டைக்குத்தான் ரொட்டி போடுறோம், ரெண்டு மூட்டை காணாமப் போவுது" என்றேன். முகம் மாறிவிட்டது. களவுபோகிறது என்றால் அவருக்குத் தாங்காது. "எங்கன போவுதுன்னு பார்த்துருவோம்" என்று எழுந்தார்.

முதலில் ஊதுபத்தி. ஃபேன் ஓடும்போது கதவின் விளிம்பையொட்டி ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டே போனால், ஒழுகுகிற இடத்தில் புகை உதறிக்கொண்டு வெளியே தள்ளப்படும், அல்லது உள்ளே உறிஞ்சப்படும். கதவின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் புகை உள்ளே ஓடியது. அங்கே ரப்பர் கேஸ்கட் நசுங்கி, இறுகிப்போய்க் கிடந்தது. டிராலியைத் தள்ளும்போது பையன்கள் அதன் மேலேயே ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். மேல்பக்கம் சூடான காற்று வெளியே போகப் போக, கீழே குளிர்ந்த காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டு ரொட்டி வெளுத்துப்போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். நான் எட்டு மாதமாக பர்னரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது டீ டம்ளர். ஓவனின் மேல்மூடியில் ஒரு குறிப்பிட்ட மூலையில்தான் பையன்கள் எப்போதும் டீயை வைப்பார்கள். ஏன் அங்கேயே வைக்கிறீர்கள் என்று மாஸ்டர் கேட்டார். "அங்கன வச்சா ஆறாது மாஸ்டர்." அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓவன் சுவருக்குள் சூடு வெளியே வராமலிருக்க ராக்வுல் பஞ்சு அடைத்திருப்பார்கள். அந்த மூலையில் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பஞ்சு கீழே இறங்கி ஒரு கை அளவுக்கு வெறும் இடம். பஞ்சு வாங்கி அடைத்தோம். அதற்குப் பிறகு டீ ஆறியது. பையன்களுக்குத்தான் வருத்தம்.

மூன்றாவது, வெட்கத்தோடு சொல்கிறேன், என்னுடைய தப்பு. ஓவனுக்கு மேலே நீராவி வெளியேற ஒரு சின்ன டேம்பர் கதவு உண்டு. வாங்கிய புதிதில் ஒரு பையன் அவசரப்பட்டுக் கதவைத் திறந்து நீராவியில் கையைச் சுட்டுக்கொண்டான். அன்றைக்கு நான் டேம்பரை முழுக்கத் திறந்து வைக்கச் சொன்னேன். அப்புறம் மூடச் சொல்ல மறந்துவிட்டேன். அதாவது சூடான ஈரக்காற்றை எட்டு மாதமாகக் கூரைக்கு மேலே ஊதிக்கொண்டிருந்தோம். அந்த ஈரத்துக்கு உள்ளே வேலை இருக்கிறது. முதல் சில நிமிஷங்களில் நீராவி குளிர்ந்த மாவின் மேல் படிந்து, தான் ஆவியானபோது வாங்கிய சூட்டையெல்லாம் திருப்பிக் கொடுக்கும். மேல்தோல் இளகியிருந்து ரொட்டி நன்றாக எழும்பும். கடைசி ஐந்து நிமிஷம் திறந்தால் போதும், தோல் சிவக்க. இப்போது அப்படித்தான் செய்கிறோம். கதவைத் திறக்கும் முன் டேம்பரைத் திறந்து ஒரு நிமிஷம் நிற்க வேண்டும் என்று பையன்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கையும் சுடவில்லை.

பர்னர் பிறகுதான் வந்தது. புகைக்கூண்டின் அடியில் ஒரு துளை போட்டு வெப்பமானியை விட்டுப் பார்த்தால் 410 டிகிரி. உள்ளே குழாய்களில் கரி அப்பியிருந்தது. கரி ஒரு கம்பளி மாதிரி. அதைத் தாண்டிச் சூடு காற்றுக்குப் போக முடியாமல் புகையோடு புகையாக வெளியே போய்விடுகிறது. திருநெல்வேலியிலிருந்து ஒரு பர்னர் மெக்கானிக் வந்து குழாய்களைச் சுரண்டி, நாசிலை மாற்றி, காற்றின் அளவைச் சரிசெய்தார். எரியக் காற்று குறைந்தால் கரி படியும், அதிகமானால் அந்த அதிகக் காற்றையும் சேர்த்துச் சூடாக்கி வெளியே அனுப்பவேண்டி வரும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தை அவர் மீட்டரை வைத்துப் பிடித்தார். 290க்கு இறங்கியது. அந்த ஒருநாள் வேலைக்கு அவர் கேட்ட தொகை எங்கள் நாலு நாள் டீசல்.

காற்றுவாய்களை நானும் மாஸ்டரும் மூன்று ராத்திரி உட்கார்ந்து சரிசெய்தோம். ஒவ்வொரு தட்டிலும் ஒரே மாதிரியான நாலு சர்க்கரை பிஸ்கட். சுட்டு எடுத்து மேலிருந்து கீழாகத் தரையில் வரிசையாக அடுக்கினால் எங்கே காற்று அதிகம், எங்கே குறைவு என்று நிறமே சொல்லிவிடும். மேலே வாயைக் கொஞ்சம் ஒடுக்குவது, கீழே கொஞ்சம் விரிப்பது, திரும்பவும் பிஸ்கட். பிஸ்கட்டின் நிறத்தைப் பார்ப்பதில் மாஸ்டரின் கண்ணுக்கு முன்னால் எந்த மீட்டரும் நிற்காது. எனக்கு ஒன்றுபோலத் தெரிகிற இரண்டைக் காட்டி, "இது ஒரு நிமிஷம் பிந்துது" என்பார்.

எல்லா யோசனையும் பலித்துவிடவில்லை. டிராலி, தட்டு, ரொட்டி டின் எல்லாம் சேர்த்து 120 கிலோ இரும்பு ஒவ்வொரு முறையும் உள்ளே போகிறது. அதைச் சூடாக்க மட்டும் ரொட்டிக்கு ஆவதில் மூன்றில் ஒரு பங்கு சூடு செலவாகிறது. வெளியே வந்து வீணாக ஆறுகிறது. டின் சூடாக இருக்கும்போதே அடுத்த மாவைப் போட்டால் என்ன என்று கேட்டேன். "ஒரு தடவ போட்டுப் பாரு" என்றார் மாஸ்டர், அவருக்கே உரிய குரலில். போட்டோம். டின்னை ஒட்டிய மாவு முன்னாடியே பொங்கி, நடுமாவு எழும்பாமல், ரொட்டி முழுக்க ஓட்டை. ஐம்பது ரொட்டியை ரஸ்க்குக்கு ஒதுக்க வேண்டியதாயிற்று. இப்போது பழைய டின் கெட்டுப்போகும்போதெல்லாம் கனம் குறைந்த அலுமினிய டின்னாக மாற்றிக்கொண்டு வருகிறோம். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒரு சாயங்காலம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. ரொட்டி முடிந்திருந்தது. ஓவன் 220ல் நிற்கிறது. அடுத்தது கேக், அதற்கு 170 வேண்டும். பையன் கதவை அகலத் திறந்துவிட்டு, ஃபேனையும் போட்டுவிட்டு, ஃபோன் பார்த்துக்கொண்டிருந்தான். சூட்டை இறக்குகிறானாம். கேக் முடிந்ததும் ரொட்டி ஆர்டர் வரும், திரும்பவும் 220க்கு ஏற்றுவோம். பிறகு பிஸ்கட்டுக்கு 160க்கு இறக்குவோம். கடையில் எது தீர்கிறதோ அதைச் சுடுவது எங்கள் வழக்கமாகிவிட்டிருந்தது. பட்டனை அழுத்தினால் சூடு வருகிறது, பிறகு எதற்கு யோசிக்க வேண்டும்?

"மாஸ்டர், பழைய அடுப்புல எந்த வரிசையில போடுவீங்க?" என்று கேட்டேன்.

அவர் விரல்விட்டு எண்ணினார். "மொதச் சூட்டுல பன்னு. அப்புறம் ரொட்டி. அது எறங்கினா கேக்கு. அப்புறம் பிஸ்கட்டு. பொறவு ரஸ்க்கு, அது கெடந்து காயும். எல்லாம் முடிஞ்சு அடுப்பு தூங்கப் போறப்ப மக்ரூன்." சொல்லி முடித்ததும் அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஒரு தடவை எரித்த விறகின் சூடு இறங்க இறங்க, ஒவ்வொரு படியிலும் அதற்கு ஏற்ற பண்டம் காத்திருந்தது. செங்கல் அடுப்பு ஒரு பிடி சூட்டையும் வீணாக்கவில்லை. புகையை மட்டும் அப்பாவின் நெஞ்சில் விட்டது.

மறுநாளிலிருந்து அந்த வரிசைக்கே போனோம். கடையில் நின்று பார்க்கிற அப்பாவும் இதில் சேர்ந்துகொண்டார். எது எத்தனை வேண்டும் என்று முந்தின ராத்திரியே அவர் எழுதிக் கொடுத்தால்தான் இந்த வரிசை நடக்கும். பல மாதத்துக்குப் பிறகு அவர் கையில் பென்சில். பீரோ செங்கல் அடுப்பு ஆகிவிடாது, அதையும் சொல்ல வேண்டும். செங்கல் விடிய விடியச் சூட்டை வைத்திருக்கும். எங்கள் ஓவனில் பர்னரை நிறுத்திக் கதவைச் சாத்தி வைத்தால் 170 ஒன்றரை மணி நேரத்தில் 120க்கு வந்துவிடும், குளிர்ந்த டிராலியை உள்ளே தள்ளினால் இன்னும் வேகமாக. ரஸ்க்குக்கு நடுநடுவே பர்னர் எரியத்தான் வேண்டியிருக்கிறது. இருந்தாலும் மூன்று வாரத்தில் நாளொன்றுக்கு 24 லிட்டர் 15 ஆனது. 9 லிட்டர், 855 ரூபாய். தவணையில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிட்டது. பின்கட்டில் அடுப்பு கட்டுவது பற்றி அப்பா பிறகு பேசவில்லை.

மக்ரூன்தான் மிச்சமிருந்தது. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, இந்த மூன்றும்தான் எங்கள் ஊர் மக்ரூன். நுரைத்த மாவைக் காகிதக் கூம்பில் அடைத்து, தட்டில் கோபுரம் கோபுரமாகப் பிழிந்து, குறைந்த சூட்டில் வெகுநேரம் காயவைக்க வேண்டும். உண்மையில் அது சுடுவதைவிடக் காயவைப்பதுதான். ஓவன் வந்த நாளிலிருந்து எங்கள் கடையில் மக்ரூன் கிடையாது. முதல் முயற்சியிலேயே ஃபேன் காற்றில் கோபுரங்களெல்லாம் கடற்கரைப் பனை மாதிரி சாய்ந்துபோயின. சில வழுக்கிப் பக்கத்துக் கோபுரத்தில் முட்டிக்கொண்டு நின்றன. மாஸ்டர் அந்தத் தட்டை யாருக்கும் காட்டாமல் எடுத்துப்போய் மூடி வைத்தார். தூத்துக்குடியில் மக்ரூன் போடாத பேக்கரி மாஸ்டர் என்று சொல்லிக்கொள்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசிக்கவேயில்லை. ரேக் சுற்றுகிறதே, எல்லாப் பக்கமும் சமமாகத்தானே காற்று படும் என்று வாதாடிக்கொண்டிருந்தேன்.

பதில் ஓவனோடு வந்த புத்தகத்திலேயே இருந்தது. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆபீஸ் டிராயரில் வைத்திருந்தோம். கதவை மூடிய பிறகு ஃபேன் எத்தனை நேரம் கழித்து ஓட வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கிறது. ரொட்டிக்கு நீராவி விடும்போது காற்று அதைக் கலைத்துவிடாமல் இருப்பதற்காக வைத்தது. அதையே வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றியது. ரஸ்க் முடிந்து, பர்னரை அணைத்து, 130ல் நிற்கும்போது மக்ரூன் டிராலியை உள்ளே விடுவது. ஃபேன் ஓடாமல் இருபது நிமிஷம். சூடான சுவரிலிருந்து வருகிற அனல் மட்டும், பழைய அடுப்பைப்போல. அதற்குள் மேலே ஒரு தோல் கட்டிவிட்டால் பிறகு காற்று வந்தாலும் நிற்கும்.

ராத்திரி பதினொன்றரை. பையன்கள் போய்விட்டார்கள். நாலு தட்டு மட்டும்தான் பிழிந்திருந்தார், நாற்பது வருஷம் பிழிந்த கை லேசாக நடுங்கியது. கதவை மூடினோம். அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு மைதா மூட்டைமேல் உட்கார்ந்தார். பழைய அடுப்பு இருந்தபோது இந்நேரத்துக்குத் தோளில் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். துண்டு தோளிலேயே கிடந்தது. மூன்று பேரும் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தோம். உள்விளக்கில் கோபுரங்கள் வெள்ளையாக, மெதுவாகச் சுற்றின.

"எத்தன நிமிஷம் ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

"பதினெட்டு."

அவர் சட்டைப்பையைத் தடவினார். பீடி இல்லை, பேக்கரிக்குள் பிடிக்கக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன். இருபது ஆனதும் ஃபேன் கரகரவென்று கிளம்பியது. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சுற்று வந்தது, இன்னொரு சுற்று வந்தது. கோபுரங்கள் நின்றன.

ஒன்றரை மணிக்குத் திறந்தபோது மொத்தத்தில் மூன்று சாய்ந்திருந்தன. மாஸ்டர் அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்து, ஒன்றை அப்பாவிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.